வாக்களித்த வீடுகள்

மலைக்குப் பின்னால் மலையாக அடுக்கி வைத்த கசுமி நாட்டில், ஆண்டுக்கு நான்கு மாதம் பனி பொழியும். அந்த நாட்டின் வடகோடிப் பள்ளத்தாக்கில் நாற்பத்தொரு பழைய வீடுகள் இருந்தன. கூப்பிய கைகளைப் போல் செங்குத்தாக எழுந்த நாணல் கூரைகள். ஒரு கூரையிலும் ஓர் ஆணி கிடையாது. முந்நூறு குளிர்காலத்துப் பனி அவற்றின்மேல் ஏறிப் பார்த்துச் சறுக்கி விழுந்திருந்தது. வெளியூரிலிருந்து கணவாயைக் கடந்து வருபவர்கள் முதல் வளைவில் அவற்றைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அவற்றுள் ஆற்றங்கரையோரம் நின்ற வீட்டில் கிகுனோ என்ற பெண்ணும் அவள் கணவன் இசாகுவும் வாழ்ந்தார்கள். மாடியில் பட்டுப்புழு வளர்த்தார்கள். கூடத்தின் நடுவே, தரையில் பள்ளமாக வெட்டிய அடுப்பில் ஆண்டு முழுவதும் நெருப்பு அணையாது.

கசுமி நாட்டை ஆண்டது மாமன்றம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்து அதைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாராவது வெல்லக்கூடும் என்றும் சட்டத்தில் எழுதியிருந்தது.

ஒரு வசந்த காலத்தில் மாமன்றம் அந்த வீடுகளைக் கண்டுபிடித்தது. அதுவரை அவை அங்கே இருப்பது அங்கே குடியிருந்தவர்களுக்கும் கணவாயைக் கடந்து வந்தவர்களுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. நாற்பத்தொன்றும் நாட்டின் நித்தியச் செல்வங்கள் என்று அறிவிக்கப்பட்டன. தொன்மைக் காப்பாளர் என்ற பதவி உண்டாக்கப்பட்டு, கமிசாகா என்ற அதிகாரி வந்து சேர்ந்தார். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்.

இசாகு அந்தத் தகட்டைத் தினமும் துடைத்தான்.

“பாரேன் கிகுனோ, நம்ம வீட்டுப் பேரு தலைநகர் வரைக்கும் போயிருக்கு.”

“பேரு போனாப் போகட்டும். அந்த அதிகாரி எதுக்குங்க அடுப்பையே பார்த்துக்கிட்டு இருக்காரு?”

அடுத்த மாதம் ஆணை வந்தது. நித்தியச் செல்வங்களுக்குள் நெருப்பு கூடாது.

“ஐயா, அந்தப் புகைதான் கூரையைக் காப்பாத்துது,” என்றாள் கிகுனோ. “புகை ஏறலேன்னா நாணல்ல ஈரம் தங்கிப் புழு வச்சிரும்.”

கமிசாகா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அம்மா, முந்நூறு ஆண்டுகளாக இந்தக் கட்டடம் நெருப்பு என்னும் பேராபத்தில் இருந்திருக்கிறது. அதிலிருந்து மன்றம் இன்று அதை மீட்டிருக்கிறது. நீங்கள் நன்றி சொல்ல வேண்டிய தருணம் இது.”

இசாகு நன்றி சொன்னான். அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். பட்டுப்புழுக்கள் குளிரில் சுருண்டன. கோடை மழை முடிவதற்குள் கூரையில் புழு வைத்தது. விரலை விட்டால் நாணல் மாவாக உதிர்ந்தது. மழை வந்த இரவுகளில் கூடத்தில் ஏழு பாத்திரம் வைத்தார்கள்.

கூரையை மாற்ற அனுமதி கேட்டுக் கிகுனோ மனு எழுதினாள். பதில் விரைவாகவே வந்தது. நித்தியமானதில் ஒரு புல்லைக்கூட மாற்றலாகாது. மாற்றினால் அது நித்தியம் ஆகாது. ஈரம் எப்படி வந்தது என்று ஆராய ஒரு குழு வந்தது. மூன்று நாள் தங்கிக் கருவிகளை வைத்து அளந்தது. குடியிருப்பவர்கள் மூச்சு விடுவதால் ஈரம் உண்டாகிறது என்று அறிக்கை கொடுத்தது.

ஆகவே மூச்சு விடுகிறவர்கள் அனைவரும் மலைக்கு அந்தப் பக்கம், கணவாயிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத இடத்தில், தகரக் கொட்டகைகளுக்கு மாற்றப்பட்டார்கள்.

“கொஞ்ச நாளைக்குத்தான்,” என்றான் இசாகு. “மேல இருக்கிறவங்க யோசிக்காமலா செய்வாங்க?”

கிகுனோ ஏதோ சொன்னாள். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் அது கேட்கவில்லை.

இலைகள் சிவந்தபோது தேர்தல் வந்தது. இசாகு திருமணத்தன்று உடுத்திய நீல அங்கியை எடுத்து உடுத்திக்கொண்டு கிகுனோவுடன் வாக்குச்சாவடிக்குப் போனான். உள்ளே கமிசாகா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“உங்கள் வாக்கு பதிவாகிவிட்டது,” என்றார்.

“நான் இப்பத்தானே ஐயா வர்றேன்?”

“உங்கள் வீடு காலையிலேயே வாக்களித்துவிட்டது.”

இசாகு திரும்பி மனைவியைப் பார்த்தான். பிறகு அதிகாரியைப் பார்த்தான். “வீடா?”

“மனிதர்கள் நிலையற்றவர்கள். கட்டடங்கள் நிலையானவை. நிலையான அரசை நிலையானவையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. இனி நாட்டில் காக்கப்பட்ட கட்டடங்களுக்கு மட்டுமே வாக்கு.”

“வீடு எப்படிங்க நடந்து வந்துச்சு?”

“அதன் சார்பில் நான் வந்தேன்.”

“யாருக்குப் போட்டுச்சு?”

“வாக்கு இரகசியமானது,” என்றார் கமிசாகா, சற்றே புண்பட்ட குரலில்.

நாற்பத்தொரு வாக்குகளும் மாமன்றத்துக்கே விழுந்தன. இசாகு கிகுனோவுடன் திரும்பி நடந்தான். ஆற்றங்கரையில், தன் வீட்டுக்கு எதிரே வந்ததும் நின்றான். கூரையின் முதுகு நடுவில் தொய்ந்திருந்தது. பனிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

“இந்தப் பனியைத் தாங்காது கிகுனோ.”

“தாங்காது.”

அவன் நீல அங்கியின் கைகளை முழங்கை வரை சுருட்டினான். “ஊர்ல எத்தனை பேருங்கிற?”

“கைக்குழந்தைகளை விட்டா இருநூத்தி முப்பது.”

மறுநாள் விடிந்ததும் இருநூற்று முப்பது பேரும் வந்தார்கள். மலைச்சரிவில் அறுத்த நாணல் கட்டுகளை முதுகில் சுமந்து ஒரே வரிசையாக இறங்கினார்கள். இசாகுவின் வீட்டுக் கூரையில் எழுபது பேர் ஏறினார்கள். ஏணிகளில் நின்று கைமாற்றினார்கள் சிலர். கீழே நின்று, கூரை கட்டக் காட்டுக்கொடிகளை முறுக்கினார்கள் மற்றவர்கள். இற்றுப்போன நாணலைப் பிரித்துத் தள்ளத் தள்ள, கருப்புத் தூசி எழுந்து ஆறு மறைந்தது.

கிகுனோ கூடத்தின் நடுவே நின்று கழிவுகளை வாரிக்கொண்டிருந்தாள். திடீரென்று கையில் வெயில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கூரைக்குக் கீழே சமைத்திருக்கிறாள், உறங்கியிருக்கிறாள். அதன் எலும்பை அன்றுதான் பார்த்தாள். வானத்துக்குக் குறுக்கே, புகையேறிக் கருத்து மினுமினுத்த மரங்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. எந்த மரமும் நேரானதில்லை. பனியில் வளைந்து வளர்ந்த மரத்தின் வளைவையே தூணுக்கும் உத்தரத்துக்கும் பொருத்தி எடுத்திருந்தார்கள். மரங்களைப் பிணைத்த கொடி முடிச்சுகள் ஒவ்வொன்றும் குழந்தையின் தலையளவு இருந்தன. யார் போட்ட முடிச்சுகளோ! போட்டவர்களில் ஒருவர் பெயரும் எந்தத் தகட்டிலும் இல்லை. மேலே எழுபது பேர் நடக்கிறார்கள். மரங்கள் மெல்ல அசைந்து, முனகி, மீண்டும் தம் இடத்துக்கு வருகின்றன. மூச்சு விடுவது போலவே இருந்தது. அவள் வாரியலைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கூப்பினாள்.

வாசலில் கமிசாகா நின்றிருந்தார். கையில் கைது ஆணை. அதை வாசிக்க வாயைத் திறந்தவர் அண்ணாந்து பார்த்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அவர் அந்த வீட்டைப் பற்றி அறுநூறு பக்கம் எழுதியவர்.

“இப்படியா இருக்கும்?” என்று கேட்டார்.

“எனக்கும் இன்னைக்குத்தான் ஐயா தெரியும்,” என்றாள் கிகுனோ.

மாலைக்குள் புதுக்கூரை எழுந்து நின்றது, வெயிலில் பொன்னாக. கமிசாகா சட்டப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். பிறகு தீர்ப்பை உரக்க வாசித்தார். “பாதிக்கு மேல் புதிதான கட்டடம் தொன்மையானது அன்று. ஆகவே இந்த வீடு பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. காப்பு இல்லை. தகடு இல்லை. வாக்கும் இல்லை. குற்றவாளிகள் இதிலேயே வசித்துக்கொள்ள வேண்டியது.”

“அடுப்பு மூட்டலாமா ஐயா?” என்று கேட்டான் இசாகு.

“காக்கப்படாத வீட்டில் என்ன நடந்தாலும் மன்றத்துக்கு அக்கறை இல்லை.”

அன்றிரவு ஒரே ஒரு கூரையிலிருந்து புகை எழுந்தது. மறுநாள் காலை கமிசாகாவின் அலுவலக வாசலில் நாற்பது குடும்பத்தார் வரிசையில் நின்றார்கள். எங்களுக்கும் அதே தண்டனை வேண்டும் என்று கேட்டார்கள். நாற்பது நாளில் நாற்பது கூரைகள் எழுந்தன. தகடுகளையெல்லாம் ஒரு கூடையில் போட்டு அவரிடம் ஒப்படைத்தார்கள். கடைசிக் கூரை முடிந்த மறுநாள் முதல் பனி விழுந்தது.

செய்தி தலைநகருக்குப் போனதும் மாமன்றம் அவசரமாகக் கூடியது. நாட்டில் மிஞ்சியிருக்கும் தொன்மைக் கட்டடம் ஒன்றே ஒன்று, அது மன்ற மாளிகை என்று கண்டறிந்தது. நாட்டின் மிகப் பெரிய நாணல் கூரை அதற்குத்தான். அதை உடனே நித்தியச் செல்வமாக அறிவித்தார்கள். உள்ளே உள்ள எதையும் மாற்றலாகாது. நாற்காலிகளையும் மாற்றலாகாது, நாற்காலிகளில் இருப்பவர்களையும் மாற்றலாகாது. நாட்டில் இனி வாக்கு உள்ள கட்டடமும் அது ஒன்றுதான். உடனே தேர்தல் நடத்தினார்கள். பதிவான வாக்கு ஒன்று. மாமன்றம் நூற்றுக்கு நூறு வாக்குகள் பெற்று வென்றது. அன்றே மாளிகையின் அடுப்புகள் சட்டப்படி அணைக்கப்பட்டன.

தை பிறந்து பனி இடுப்பளவு ஏறியிருந்த ஒரு பகலில், கிகுனோவின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கமிசாகா. தலையிலும் தோளிலும் பனி.

“யாரும் அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன்,” என்றார். “மாளிகையின் கூரை நடுவில் தொய்ந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் ஏழு அடிப் பனி சேர்ந்திருக்கிறது. உங்களால் முடியுமா?”

இசாகு அவருக்கு அடுப்பருகே இடம் விட்டான். கிகுனோ அவர் கைகளுக்குச் சூடான கிண்ணத்தைக் கொடுத்தாள்.

“ஊரே வரும் ஐயா. ஆனா கூரையைப் பிரிக்கும்போது உள்ள யாரும் இருக்கக் கூடாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவங்க எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்து வெளிய வரணும். வருவாங்களா?”

கமிசாகா கிண்ணத்தைக் கையில் வைத்தபடி, மேலே புகை ஏறிப்போன இருட்டை அண்ணாந்து பார்த்தார். வெளியே பனி சத்தமே இல்லாமல் எல்லாக் கூரைகள் மேலும் ஒன்றுபோல் இறங்கிக்கொண்டிருந்தது.

“கூரை தொய்யவே இல்லை என்று நேற்றுத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள், அம்மா,” என்றார். “ஒருமனதாக.”