பக்கெட் அக்காவும் ஒரு 'தம்'மும்

தாம்பரம் வட்டாரத்தில் தீயணைப்பு நிலையத்தைவிட அதிக நெருப்பை அணைத்தவர் எங்கள் பக்கெட் அக்காதான். என்ன, அவர் அணைத்த நெருப்பெல்லாம் விரல்நுனி அளவு.

அது இரண்டாயிரங்களின் பிற்பகுதி. ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் அலுவலக மேலாளர். ஊழியர், நோயாளி, பார்க்க வருபவர் யாரும் வளாகத்துக்குள் புகைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. போர்டு வைத்தோம். போர்டிலேயே சாய்ந்துகொண்டு புகைத்தார்கள்! அப்போதுதான் தரை துடைக்கும் அக்கா, பக்கெட்டும் மக்குமாகக் களத்தில் இறங்கினார்.

கேட்டருகே பீடியோடு நின்ற ஆட்டோக்காரர் முதல் பலி.

"இன்னாக்கா, நான் வெளியதான நிக்கிறேன்?"

"நீ வெளிய கீற. உன் பொகை உள்ள வருதே, அது இன்னா விசிட்டர் பாஸ் வாங்கினு வருதா?"

சளார்!

அடுத்து, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு சர்ஜன் சிக்கினார்.

"ஐயோ அக்கா, நான் டாக்டர்!"

"தெரியும் சார். அதான் உங்களுக்கு ஃபினாயில் கலக்காத தண்ணி."

புகார் போனது. நிர்வாக அதிகாரி ஓயாமல் இருமுகிறவர். அந்த இருமலுக்கு நடுவே என் எதிரில் அக்காவை எச்சரித்தார். "இனிமே ஒருத்தர் மேல ஒரு சொட்டு பட்டாலும் வேலை போயிடும்மா. புரியுதா?"

அந்தச் சம்பளத்தில்தான் அக்கா வீட்டில் உலை கொதித்தது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தரையை மட்டும் துடைத்தார். ஜெனரேட்டர் அறைப் பக்கம் மறுபடி புகை எழுந்தது.

அந்த நேரம் பார்த்து எக்ஸ்ரே அறைக்குப் புது டெக்னீஷியன் வந்தார். 'தம்' என்றால் எங்கள் ஊரில் சிகரெட்டும் உண்டு, அடக்கிப் பிடிக்கும் மூச்சும் உண்டு. வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் காதில் உள்ளிருந்து அவர் குரல் விழுந்தது.

"நல்லா இழுத்து தம் புடிங்க சார்... விடாதீங்க... விடாதீங்க..."

"அக்கா, வேணாம்!" என்று நான் ஓடினேன். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அதையும் பெரிய கங்கு என்று நினைத்தாரோ என்னவோ, தோளால் இடித்த இடியில் கதவு திறந்துகொண்டது.

"ஆஸ்பத்திரிக்குள்ளயே தம்மடிக்க சொல்லிக் குடுக்குறியா நீ!"

பக்கெட் முழுவதும் கவிழ்ந்தது. மெஷின் தப்பியது. வெற்று மார்போடு பலகையில் ஒட்டி நின்ற நிர்வாக அதிகாரி தப்பவில்லை. கொக்கியில் தொங்கிய அவர் சட்டையும் தப்பவில்லை. அதன் ஈரமான வெள்ளைப் பையில் ஒரு சிகரெட் பாக்கெட், எழுத்துகூட வாசிக்கும்படி, பளிச்சென்று தெரிந்தது.

அக்கா பாக்கெட்டைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் முகத்தைப் பார்த்தார்.

"வேலைய எடுத்துக்கோங்க சார். ஆனா படத்த எடுத்துட்டுப் போங்க. நீங்க இருமுறத கேட்டா பயமா கீது."

தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற அதிகாரி, பாக்கெட்டை உருவிக் காலிப் பக்கெட்டில் போட்டார்.

"நாளைக்கு டைமுக்கு வந்துடுங்கக்கா."

பக்கெட்டைக் குழாயடிவரை நானே தூக்கிக்கொண்டு போனேன். "குடுங்க சார், உங்களுக்குப் பழக்கமில்ல" என்று அக்கா பின்னாலேயே வந்தார். கொடுக்க மனம் வரவில்லை. கழுவி, விளிம்புவரை நிரப்பினேன்.