ஐஸ் பேக் மிச்சமில்லாத வீடு

மதிப்பிற்குரிய அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் பயந்துகொண்டே எழுதுவது. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமில்லாவிட்டால் தயவுசெய்து எங்கள் வீட்டில் சொல்ல வேண்டாம், இங்கே ஐஸ் பேக் மிச்சமில்லை.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். அவர் பயப்படும் ஒரே ஆள் நீங்கள்.

வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கிலிருந்து அப்பா நான்கு ஐஸ் பேக் கொண்டுவந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் நோயாளிகள். டிவி ரிமோட்டை எடுக்கக் குனிந்ததில் அப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, ஒன்று அங்கே. வேலை தேடிக் களைத்த சித்தப்பாவின் நெற்றியில் ஒன்று. தேடுவதும் கட்டிலில் படுத்தபடிதான். அண்ணனுக்கு எந்தக் குறையும் இல்லை, விளையாடி விளையாடி அவன் லேப்டாப்புக்குத்தான் காய்ச்சல், அதற்கடியில் ஒன்று. நான்காவது பேக் ஃப்ரீசரில் தயாராக இருக்க வேண்டும், யாரும் தொடக்கூடாது. சொட்டும் தண்ணீரைத் துடைப்பது மட்டும் அம்மாவின் வேலை. அந்தத் தண்ணீரில்தான் நேற்று வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு புசுபுசுவென்று வீங்கிவிட்டது. நான் ஃப்ரீசரைத் திறந்தேன்.

"ஏய், அதைத் தொடாத. என் முட்டிக்கு அடுத்தது அதுதான்," என்றார் அப்பா.

"அம்மா கை வீங்கியிருக்குப்பா."

"நாலு வேலை செஞ்சா தானா சரியாயிடும்."

சித்தப்பா தலையை அசைக்காமலே, "அண்ணி, கை வலிச்சா இப்போதைக்குக் காபி மட்டும் போடுங்க. சாப்பாடு மெதுவா வரட்டும்," என்று பெருந்தன்மை காட்டினார்.

அம்மா இடது கையால் சமைத்தாள். உப்பு கூடிவிட்டதென்று மூவரும் வருத்தப்பட்டார்கள். இப்போது விரலை மடக்க முடியவில்லை என்கிறாள். எலும்பு முறிந்திருக்குமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை. காலையில் நீங்கள் வந்து ஒரு சத்தம் போட்டால் அப்பா டாக்டரிடம் கூட்டிப்போவார்.

உங்கள் ஆசியையும், அதைவிட அவசரமாக உங்கள் குரலையும் வேண்டும்,
தம்பி மகள்.

பி.கு.: அம்மா போர்வையை விலக்கி இதைப் படித்துவிட்டாள். "அத்தை வந்தா அவங்களுக்கும் சேர்த்து யாருடி சமைக்கிறது? விடிஞ்சதும் நாமளே டாக்டர்கிட்ட போயிடலாம்," என்கிறாள். ஆகவே நீங்கள் வர வேண்டாம். போகிற வழியில் இதை உங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவோம். கை குணமாகும்வரை அப்பா, சித்தப்பா, அண்ணன் மூன்று பேருக்கும் சாப்பாடு உங்கள் வீட்டில்தான் என்று அம்மா எழுதச் சொன்னாள்.