மலை தெரியாத சொதி

எனக்கு 'ஏலாது' என்று சொல்ல வராது. அதைப் பெருந்தன்மை என்று நானே பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வெள்ளவத்தை வீட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் வந்து இறங்கினால், அம்மா தேங்காய்ப்பால் சொதிக்குள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவார். எல்லோரும் சாப்பிட்டு எழும்புவார்கள். என் ஆராய்ச்சியையும் நான் அப்படித்தான் நடத்தினேன்.

உப்புத் தண்ணீரைத் தாங்கும் நெல் பற்றிய முதுநிலை ஆய்வு. நெல்லின் டி.என்.ஏ.யில் ஒரு புரதம் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று அறிய, அந்தத் துண்டுகளை மட்டும் பிடித்தெடுத்து, வாசிக்கும் மெஷினுக்கு வெளிநாடு அனுப்ப வேண்டும். மெஷின் ஒரு தடவையில் இவ்வளவுதான் வாசிக்கும்; எத்தனை சாம்பிள் போட்டாலும் அதைத்தான் பங்கிட வேண்டும். ஒரு சாம்பிளில் போதிய துண்டுகளை வாசித்தால் புரதம் இருந்த இடங்கள் வரைபடத்தில் மலையாக எழும்பும். குறைந்தால் வெறும் புல். (இதைப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கியவன் நான்.) சேர்த்துவைத்த நெல் இலைகள் இதோடு முடிந்துவிட்டன. பிழைத்தால் மறுபடி விதைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

என் சாம்பிள்கள் நான்கு. பெட்டியை மூடும் நேரம் கூடப் படிக்கும் கொட்டாஞ்சேனை அன்ரன் வந்தான்.

“மச்சான், என்ட அஞ்சையும் போடன். இடம் இருக்குந்தானே?”

“ஓம், போடு.”

அடுத்து ஆய்வுகூடத்து ஜூனியர் நதீஷா, தன்னுடைய மூன்றோடு, சிங்களத்தில். “அய்யே, மகே ஏவத்?” (அண்ணா, என்னுடையதையும்?)

அதற்கும் ஓம். மொத்தம் பன்னிரண்டு.

முடிவுகள் வந்த மறுநாளே கருத்தரங்கு. அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டிருந்தேன். அம்மா கூறைச்சேலை கட்டாதது ஒன்றுதான் குறை. திரையில் என் மலைகள் கம்பீரமாக நின்றன.

“அந்த வரைபடத்துப் பக்கத்தில இருக்கிற அளவுகோலை ஒருக்காக் காட்டுங்கோ” என்றார் மேற்பார்வையாளர் மேடம்.

காட்டினேன். புல்லை இரவிரவாகப் பெரிதாக்கி மலையாக்கியிருந்தது சபைக்கே தெரிந்தது.

“எத்தினை சாம்பிள் சேர்த்து அனுப்பினனீங்கள்?”

“பன்னிரண்டு, மேடம்.”

“எத்தினைக்குக் கணக்குப் பார்த்தது?”

“நாலுக்கு.”

அன்ரன் தன் சப்பாத்தை ஆராயத் தொடங்கினான். எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. விதைத்து, வளர்த்து, பட்டம் வாங்க இன்னொரு வருடம் போயிற்று.

அன்று திரும்பும் பஸ்ஸில் அம்மா ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, அவையளுக்கு ஏலாதெண்டு சொல்லியிருக்கலாந்தானே?”

“நீங்கள் ஆருக்காவது சொன்னனீங்களோ, அம்மா?”



இப்போதும் வீட்டில் ஆட்கள் கூடினால், அப்பா சொதியை ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி யோசித்து, குசினிப் பக்கம் அம்மாவுக்குக் குரல் கொடுப்பார்:

“இஞ்சேரும், இதில மலை ஒண்டும் தெரியேல்லை!”