திருப்பிச் சொல்லும் கலை

பேசக் கற்றுக்கொண்டு மனித குலம் என்ன சாதித்தது என்று யாராவது கேட்டால், நேரே எங்கள் விமான நிலையத்துக்கு அழைத்து வந்து கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் காட்டுவேன். உலகத்திலேயே வீண்பேச்சு ஒழிந்த இடம் அது ஒன்றுதான். அங்கே யாரும் யாரையும் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பதில்லை. கோபுரத்தில் இருப்பவர் ஓர் அனுமதி சொல்வார். விமானி அதை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்வார். கோபுரம் 'சரி' என்று உறுதி செய்யும். கணவன் மனைவிக்குள் இந்த ஏற்பாடு வந்துவிட்டால் நாட்டில் பாதி நீதிமன்றங்களை இழுத்துப் பூட்டிவிடலாம்.

இந்த ஏற்பாட்டைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் 'தெளிவுப் பேச்சுக் குழு'வின் தலைவர் அடியேன்தான். அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் என் கையெழுத்து இல்லாமல் வெளிவராது.

எங்கள் பெருமைகளில் தலையாயது இறங்குபாதை. வந்து சேரும் விமானம் சர்ரென்று இறங்கிவிட முடியாது. வழியில் சில இடங்களைக் குறித்து, இங்கே இத்தனை அடிக்குக் கீழே வரக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் வைத்திருக்கிறோம். மாடிப்படி மாதிரி. சரி, கோபுரம் "நான்காயிரம் அடிக்கு இறங்கலாம்" என்று சொன்னால் என்ன செய்வது? படிப்படியாக இறங்கித்தான் நான்காயிரத்துக்கு வரவேண்டும் என்கிறது கோபுரத்தாருக்கான விதிநூல். புது உயரம் வந்துவிட்டால் பழைய படிகள் ரத்து, நேரே இறங்கலாம் என்கிறது விமானிகளுக்கான விதிநூல். முன்னது எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் எழுதப்பட்டது, பின்னது நான்காம் மாடியில். இரண்டுக்கும் ஒப்புதல் கொடுத்தவன் நான். என் நடுநிலைமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரு மாடிக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாமே என்று ஒருமுறை யோசனை வந்தது. அதைப் பற்றி இரண்டு மாடிகளிலும் தனித்தனியே கூட்டம் போட்டு, சேர்ந்து உட்கார வேண்டியதில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்தோம்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மாள் குட்டையைக் குழப்பினார். கோபுரத்து ஊழியர். விமானங்கள் புள்ளி புள்ளியாக நகரும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்பதற்காகவே படித்து வந்தவர்.

"நான்காயிரம் அடிக்கு இறங்கலாம்" என்றார் அம்மாள்.

"நான்காயிரம் அடிக்கு இறங்குகிறேன்" என்றார் விமானி.

"சரி."

பிசிறே இல்லை. பதிவைப் போட்டுக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. என்ன, அம்மாள் மனத்தில் படிகள் இருந்தன. விமானி மனத்தில் படிகள் இல்லை. விமானம் நேரே இறங்கியது. கீழே இன்னொரு விமானம் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

அம்மாள் திரையைப் பார்த்துப் பதறிப்போய், "ஐயோ சார், இறங்காதீங்க! கீழ ஒருத்தர் குறுக்க போறாரு! மேல தூக்குங்க, மேல!" என்று கத்திவிட்டார்.

விமானம் மேலே போனது. மயிரிழையில் இரண்டும் தப்பின. ஒரு பயணியின் மடியில் காப்பி கொட்டியதைத் தவிர வேறு சேதமில்லை.

விசாரணை என் தலைமையில் நடந்தது.

"பட்டியல்ல 'ஐயோ' இருக்காம்மா?"

"இல்ல சார்."

"'ஒருத்தர்'?"

"அதுவும் இல்ல சார். ஆனா ரெண்டு விமானத்துலயும் ஆளுங்க இருந்தாங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

விமானியையும் கூப்பிட்டோம். நல்ல மனிதர்.

"பட்டியல்ல இல்லாத பேச்சுக்கு நீங்க எப்படிக் கட்டுப்பட்டீங்க?"

"அவங்க ஐயோன்னாங்க சார். எனக்குப் புரிஞ்சிடுச்சு."

"திருப்பிச் சொன்னீங்களா?"

"அதுக்கு எங்க சார் நேரம்?"

நான் குழுவினரைப் பார்த்தேன். எல்லோரும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்கள்.

அம்மாள் கடைசியாக, "என்னை என்ன வேணா பண்ணுங்க சார். அந்த ரெண்டு புத்தகத்தையும் ஒரே மேஜையில வச்சு ஒரு தடவை பாருங்க" என்றார்.

"எந்த மாடி மேஜையிலம்மா?" என்று கேட்டேன்.

நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. விமானிக்கு எச்சரிக்கையோடு விட்டோம். அம்மாளை அடித்தளத்தில் இருக்கும் 'தொலைந்த பெட்டிகள்' பிரிவுக்கு மாற்றினோம். விமானிகளோடு பேசும் காதுக்கருவியைக் கழற்றி வைக்கும்போது அழுதாராம். அழுகையும் பட்டியலில் கிடையாது. அவருடைய நாற்காலியில், நாங்கள் செல்லமாக 'விதிப்புலி' என்று அழைக்கும் ஊழியரை உட்கார வைத்தோம். பட்டியலுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் மனைவியே என்னிடம் வந்து முறையிட்டிருக்கிறார்.

போன வாரம் ஒரு மாலை நல்ல மழை. விமானங்கள் வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. கோபுரத்தில் விதிப்புலி. நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடித்தளத்துக்கு இறங்கிப் போனேன். படிப்படியாகத்தான்.

அம்மாள் யாரோ விட்டுப்போன குடைக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் மேல வந்து உட்காருறீங்களா?"

"எதுக்கு சார்?"

"என் பொண்ணு வர்றா. கைக்குழந்தையோட."

"அங்கதான் விதிப்புலி சார் இருக்காரே?"

"இருக்காரும்மா. அதான்..."

அம்மாள் குடையைக் கீழே வைத்தார்.

"திருப்பிச் சொல்றேன் சார், தப்பிருந்தா திருத்துங்க. ரெண்டு விமானம் மோதாம இருக்கக் கத்தினதுக்கு என்னை இங்க இறக்கினீங்க. ரெண்டு புத்தகமும் இன்னும் ரெண்டு மாடியிலதான் இருக்கு. ஊரார் பிள்ளைங்களுக்கு விதிப்புலி போதும். உங்க பிள்ளைக்கு மட்டும் நான் வேணும். சரியா?"

திருப்பிச் சொன்னதில் பிழை இல்லையென்றால் ஒரே சொல்லில் உறுதி செய்ய வேண்டும். நான் எழுதிய விதி.

"சரி" என்றேன்.

அம்மாள் லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் கோபுரத்துக்குப் படியேறி ஓடினார். எங்கள் விமான நிலையத்தில் ஒருவர் சொன்னதும் மற்றவர் புரிந்துகொண்டதும் ஒன்றாகவே இருந்தது, எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.