யானை ஆற்றைக் கடந்ததா?

"இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு கதைப் புஸ்தகம் வரப்படாது!"

காசிராஜன் இப்படி முழங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தட்டில் விழுந்த இட்லி ஆறிப்போயிருந்த கோபத்தில். தொண்ணூறாம் வருஷம் அது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவர் போர்மேன். ஷிப்டு முழுக்க நூலோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் நூலா என்பது அவர் கட்சி.

அவர் மனைவி ஆவுடையம்மாளுக்கும் பிளஸ் டூ படிக்கிற மகள் செல்லக்கனிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகம்தான் பிறந்த வீடு. சிறுவர் கதை, இளவட்டங்களுக்கான நாவல் என்று பை நிறைய அள்ளிக்கொண்டு வருவார்கள். ஒருத்தி படித்ததை இன்னொருத்திக்குச் சொல்லுவாள். அரிசி களையும்போது அணில், துணி துவைக்கும்போது திமிங்கலம். அன்றைக்கு இட்லியை ஆறவிட்டதும் ஏதோ ஒரு கரடிதான்.

"கல்யாணம் ஆகப் போற பிள்ளைக்குக் கதை எதுக்குங்கேன்? பரீட்சை முடிஞ்சதும் சேத்தூருக்கு அனுப்ப வேண்டியதுதான்."

சேத்தூரில் இருந்தது அவருடைய அக்கா குருவம்மாள். அக்கா மகன் காளிராஜுக்கு வயல் உண்டு, மோட்டார் சைக்கிள் உண்டு, எட்டாம் வகுப்போடு படிப்புக்கு ஒரு கும்பிடும் உண்டு. அக்காவும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். மதுரையில் காலேஜ் சேரவேண்டும் என்று நினைத்திருந்த செல்லக்கனியை யாரும் கேட்கவில்லை. ஆவுடையம்மாளைக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் எதற்குமே இல்லை.

ஆவுடையம்மாள் மறுபேச்சு பேசவில்லை. இருந்த புத்தகங்களை அடுக்கி எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே பீரோவுல பூட்டி வச்சிக்கிடுங்க."

வாதாடாத பெண்டாட்டியைக் கண்டால் ஒரு மனுஷன் பயப்பட வேண்டாமா? காசிராஜன் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அடுத்த நாள் வீட்டில் யாரும் இல்லை. அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று பீரோவைத் திறந்தார். போஸ்ட்மேன் வேலை பார்க்கிற ஓர் அணிலைப் பற்றிய கதை. தெருவில் யாராவது எட்டிப் பார்த்தால் என்ன செய்வது? தினத்தாளை விரித்து அதற்குள் அணிலை வைத்துக்கொண்டார். படித்து முடித்தபோது, காய்ச்சி வைத்திருந்த காப்பி ஏடு கட்டிக் கிடந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை.

மில்லுக்கு எதிரே பால்சாமியின் டீக்கடை. ஷிப்டு விட்டு வருகிறவர்கள் கூடுகிற இடம். மறுநாள் காசிராஜனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நேத்து ஒரு பெரிய நாவல் படிச்சேன். தபால் இலாகாவப் பத்தி" என்று ஆரம்பித்தார்.

அணில் என்று சொல்ல முடியுமா? 'ஒருத்தன்' என்றார். ஒருத்தன் மழையிலும் வெயிலிலும் கடுதாசி கொண்டுபோனான். மரத்துக்கு மரம் தாவிப் போனான்.

"எதுக்கு அண்ணாச்சி மரத்துக்கு மரம் தாவுதான்? சைக்கிள் கிடையாதா?" என்றான் நூல் சுற்றுகிற வைண்டிங்கில் வேலை பார்க்கிற இருளப்பசாமி.

"அது வெளிநாடுடே."

வெளிநாடு என்றதும் எல்லோருக்கும் சமாதானமாகிவிட்டது. டீ கிளாசைக் கையில் பிடித்தபடி, குடிக்க மறந்து கேட்டார்கள். காசிராஜனுக்கு உடம்பு சிலிர்த்தது. மில்லுக்குள் மிஷின் சத்தத்தில் அவர் பேச்சு யார் காதிலும் விழாது. வீட்டிலோ அவரே பேசமாட்டார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்தது அவர் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

பிறகு விடுவாரா? பாட்டுக் கற்றுக்கொள்ளப் போன காக்கா, டீக்கடையில் சங்கீத வித்வான் ஆனது. கோர்ட்டுக்குப் போன ஆமை, கிழட்டு வக்கீல் ஆனது. 'வாங்க அண்ணாச்சி' என்று பெஞ்சில் துண்டால் தட்டி இடம் போட்டார்கள். கடைசியில் எடுத்ததுதான் அந்த யானை நாவல்.

மல்லிகா என்று ஒரு பெண். பதினைந்து வயசு. அவள் வளர்த்த யானையைக் கடன்காரன் கொல்லத்தில் ஒரு சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறான். தன்னந்தனியாகப் போய் யானையை அவிழ்த்துக்கொண்டு காட்டு வழியே ஊருக்குத் திரும்புகிறாள். பின்னால் சர்க்கஸ்காரன் ஆட்கள். முன்னால் வெள்ளம் புரளும் ஆறு. யானை தண்ணீரில் காலை வைக்கிறது. பக்கத்தைப் புரட்டினால்... அட்டை.

கடைசிக் கட்டுப் பக்கங்களைக் காணோம்.

டீக்கடையில் ஆற்றங்கரை வரைக்கும் சொல்லியாகிவிட்டது. மலையடிவாரத்து அய்யனார் கோவில் பக்கம் யானை பார்த்தவன், பார்த்ததாகச் சொல்லுகிறவன் எல்லோரும் கூடிவிட்டார்கள். "யானை கடந்துச்சா, கடக்கலையா?" என்று மில்லுக்குள்ளேயே வந்து கேட்கிறார்கள்.

காசிராஜன் அரிசி டிரம்மைக் கிளறினார். உளுந்து டின்னைக் கவிழ்த்தார். பாயை உதறினார். கரப்பான்பூச்சி வந்தது, பக்கங்கள் வரவில்லை.

மகளிடம் நைசாக நூல் விட்டுப் பார்த்தார். "ஏம்மா, அந்த யானை புஸ்தகம் நீ படிச்சியோ?"

"கல்யாணம் ஆகப் போற பிள்ளைக்குக் கதை எதுக்குப்பா?" என்று சொல்லிவிட்டுச் செல்லக்கனி உள்ளே போய்விட்டாள்.

பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்கே போனார். அங்கே இருந்த தங்கபாய் என்ற அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அது ஒரே பிரதிதான் சார். உங்க வீட்டுலதான இருக்கு?"

"முடிவு மட்டும் சொன்னா போதும்."

"முடிவச் சொல்லலாமா சார்? உங்க வீட்டம்மாகிட்டக் கேளுங்களேன். எனக்கே அவிய சொல்லித்தான் நான் அதைப் படிச்சேன்."

சொந்தச் சரக்கை இறக்கிப் பார்ப்போம் என்று, "யானை செத்துப்போச்சுடே" என்று டீக்கடையில் போட்டார். இருளப்பசாமி கிளாசை நங்கென்று வைத்தான். "பொய். படிக்காம சொல்லுதிய அண்ணாச்சி." ரெண்டு நாளாக யாரும் பெஞ்சைத் தட்டவில்லை. அந்த வலி காசிராஜனுக்குத் தாங்கவில்லை.

நேரே அடுப்படிக்குப் போனார்.

"ஏட்டி, அந்தக் கடைசிப் பக்கமெல்லாம் எங்க?"

ஆவுடையம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எங்கிட்டத்தான் இருக்கு."

"குடு."

"சேத்தூருக்குப் போய், செல்லக்கனியக் குடுக்கலன்னு உங்க அக்காகிட்ட உங்க வாயால சொல்லிட்டு வாங்க. தாரேன்."

"கதைக்காக அக்காவ முறிக்கச் சொல்லுதியா? உனக்குப் பைத்தியமா?"

"எனக்கா? டீக்கடையில மணிக்கணக்காக் கதை சொல்லுதீயளாம். ஊரே சொல்லுது. கழுத்துல கயிறு ஏறுன நாள்ல இருந்து எங்கிட்ட என்ன சொல்லிருக்கீய? உப்பு பத்தல. தண்ணி கொண்டா. லைட்ட அணை. எனக்கு நீங்க சொன்ன கதை அம்புட்டுத்தான்."

காசிராஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"ஒம்போதாங் கிளாஸ்ல எங்கப்பா எங்கையில இருந்து புஸ்தகத்தப் புடுங்கி வச்சாரு. பாதியில. இன்னவரைக்கும் யாரும் திருப்பித் தரல. ஒரு யானைக்கே உங்களுக்கு இப்பிடி நெஞ்சு அடிக்குதே. எனக்கு எம்புட்டு அடிச்சிருக்கும்?"

அவள் கண்ணில் நீர். வெங்காயமாக இருக்கும் என்று காசிராஜன் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஆனால் அவள் கையில் இருந்தது உரித்து முடித்த கடைசி வெங்காயம்.

மறுநாள் சேத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

குருவம்மாள் தம்பியைக் கண்டதும் மோர் கரைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் செம்பை அப்படியே ணங்கென்று தரையில் வைத்தாள்.

"ஏலே காசி, இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த? யாரு சொல்லிக் குடுத்தா? அவதான?"

பெண்டாட்டி சொல்லி வந்தேன் என்று ஓர் ஆம்பிளை சொல்லலாமா? யானைக்காக வந்தேன் என்றுதான் சொல்லமுடியுமா?

"நானேதான் முடிவு எடுத்தேன்கா" என்றார். அந்தக் குடும்பத்தில் அவர் எடுக்காத ஒரே முடிவு அது.

"அப்பம் இனி எங்க வாசப்படிய மிதிக்காத. நான் செத்தாலும் வராத" என்றாள் அக்கா. சிறு பிள்ளையில் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். காளிராஜ் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பஸ் நிறுத்தம் வரை வெயிலில் நடந்து வந்தார் காசிராஜன். மோர் குடிக்காத நாக்கு ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடையம்மாள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். முதலில் ஒரு செம்பு மோர் கொடுத்தாள். அப்புறம் பக்கங்களைக் கொடுத்தாள். நின்றபடியே படித்தார். யானை நீந்தியது. மல்லிகா அதன் முதுகில் கவிழ்ந்து படுத்திருந்தாள். சர்க்கஸ்காரன் வந்த கரையிலேயே நின்றான். காசிராஜன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் டீக்கடைக்கு ஓடினார். அக்கா போனாள், போகட்டும். பெஞ்சு இருக்கிறது.

"டேய், யானை கடந்துருச்சு!"

ஒருத்தரும் துள்ளவில்லை. பால்சாமி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். இருளப்பசாமி தரையைப் பார்த்தான்.

"ஆத்தக் கடந்துருச்சுங்கேன்! நீந்தியே கடந்துருச்சு!"

"தெரியும் அண்ணாச்சி" என்றான் இருளப்பசாமி மெதுவாக.

"எப்பிடித் தெரியும்?"

"நீங்க ஆத்தங்கரையில விட்ட மறுநாளே மதினி வந்து எங்க வீட்டுப் பொம்பளையளுக்கு முழுசும் சொல்லிட்டாவ. நாங்களும் கூட உக்காந்துதான் கேட்டோம். சேத்தூர் சம்பந்தம் முறியுத வரைக்கும் உங்கள விடாமக் கேளுங்க, தெரிஞ்சதாக் காட்டிக்கிடாதீயன்னு சொன்னது அவியதான். செல்லக்கனி நல்லாப் படிக்கிற பிள்ளை, பாவம்லா அண்ணாச்சி?"

காசிராஜன் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, விழுந்தார் என்பது சரி. செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, "சரி, போகட்டும். அடுத்தாப்புல ஒரு கதை வச்சிருக்கேன்..." என்று ஆரம்பித்தார்.

பால்சாமி டீயை அவர் கையில் கொடுத்துவிட்டு, மனசு நோகாமல் சொல்லவேண்டுமே என்று ரொம்ப யோசித்துச் சொன்னார்:

"அத மதினியவே வந்து சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க சொன்னா யானைகூட ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு."