ஆயர் நினைவு வாங்கும் அதன் பரிசோதனையும்

இலங்கையில் யுத்தம் முடிவுற்ற ஆண்டின் ஆவணி மாதத்தில், டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரப் பூங்காவில், கொம்யூன் எனப்படும் நகரசபையின் மேலான அனுமதியுடன், மறைந்த ஆயர் குருசுமுத்து ஆண்டகையின் நினைவாக மூவர் அமரத்தக்க மர வாங்கு ஒன்று நிறுவப்பெற்றது. முன்னர் படையினர் அவருடைய கோவிலை முகாமாக்க வந்தபோது, ஆயர் வாசலில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, "நான் எழும்பினால்தான் நீங்கள் உள்ளே வரலாம்" என்றார். எழும்பவில்லை. உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த சனம் பிழைத்தது.

அச்சனத்துள் ஒருவர் மேரிகிறேஸ். இங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை. "சிலை வேண்டாம். களைச்சவை இருக்கிறதுக்கு ஒரு வாங்கு போடுங்கோ" என்று கேட்டவரே அவர்தாம். திறப்பு நாளில் அதில் அமர்ந்து ஆயருக்காக ஒரு செபமாலை சொல்லவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. முழங்கால் வருத்தக்காரி, நெடுநேரம் நிற்க இயலாது.

விழா இனிது தொடங்கியது. வாங்கின் உறுதியைப் பொதுமக்கள் நலன் கருதிப் பரிசோதிக்கும் பொருட்டு, நினைவுக்குழுத் தலைவர் திரு. குலேந்திரன் முதலில் அமர்ந்தார். ஒருபுறப் பாரத்தால் வாங்கு சரியக்கூடும் என்றஞ்சிச் செயலாளர் அந்தோனிதாசன் மறுபுறம் அமர்ந்தார். நடுவில் பொன்னாடைகள் வைக்கப்பட்டன. அவற்றைப் புல்லிலா வைப்பது?

"அண்ணை, கொஞ்சம் எழும்புறியளே? ஒரு செபமாலை சொல்லிப்போட்டுத் தாறன்" என்றார் மேரிகிறேஸ்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "எழும்பலாம் தங்கச்சி. அங்க பாரும், பழைய தலைவர் சூசைப்பிள்ளை நிக்கிறார். நான் எழும்பினா அவர் இருந்திடுவார். பிறகு அவரை ஆர் எழுப்புறது?"

"அப்ப செயலாளர் அண்ணை?"

"தலைவர் இருக்க நான் எழும்பினா, அது இராஜினாமா எண்டு கதைப்பினம்."

மழை தூறியது. வாங்குக்குக் குடை பிடிக்கப்பட்டது. தேநீரும் றோல்சும் அங்கேயே பரிமாறப்பட்டன. சூசைப்பிள்ளை மாலையும் கையுமாக மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தார்.

"ஆயரும் எழும்பேல்லைத்தானே?" என்றார் தலைவர், றோலைக் கடித்தபடி. பலத்த கரவொலி.

மேரிகிறேஸ் செபமாலையைக் கைப்பைக்குள் வைத்தார். "ஆமி எண்டால் ஆயர் மறிச்சிருப்பார். வந்தது நாங்களாப் போச்சு."

அதற்கும் கைதட்டினோம். அத்துடன் நில்லாது, இவ்வநீதியைக் கண்டித்து, மேரிகிறேஸ் அமர்வதற்கென்றே வேறொரு வாங்கு போட அவ்விடத்திலேயே புதிய குழு அமைத்தோம். தலைவர் சூசைப்பிள்ளை. முதலில் அமர்ந்து பரிசோதிப்பவரும் அவரே.

வாங்கு சரியாதிருக்க, மறுபுறம் அமர நான் இசைந்துள்ளேன்.