கெடு நாளில் தண்ணி குடிச்ச கதை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மதுரை லேபர் ஆபீசுக்குப் போயி ஒரு மனுவ நீட்டிட்டு வரணும்.

எழுபதுகள்ல நான் அருப்புக்கோட்டை ஜின்னிங் மில்லு ஒண்ணுல வேலை பாத்தேன். பஞ்சு மிசினு என் ஆள்காட்டி விரல்ல பாதிய முழுங்கிருச்சு. நஷ்டஈடு கேட்டா மொதலாளி, "பாப்போம்லே"ம்பாரு. பாத்துப் பாத்தே ரெண்டு வருசம் ஓடிருச்சு.

மில்லுத் தொழிலாளர் சங்கத்துக்காரர் தலையில அடிச்சுக்கிட்டாரு. "ரெண்டு வருசக் கெடு இன்னைக்கோட முடியுது! சாயங்காலத்துக்குள்ள மனு சேரலைன்னா விரலும் போச்சு, காசும் போச்சு!"

அந்தக் காசுல கறவை மாடு வாங்கணும். எம்பொண்டாட்டி தொழுவமே கட்டி முடிச்சிருந்தா.

வாசல்ல கால வச்சேன். எதுத்த வீட்டு மாமா, "எங்க மாப்ள கெளம்பிட்ட?"ன்னாரு.

"கெட்டுச்சு!"ன்னா எம்பொண்டாட்டி. "போற ஆள எங்கன்னு கேட்டுட்டாகல்ல? உள்ள வந்து உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடிச்சேன். தெருமுனையில சலூன்காரர் கேட்டாரு. திரும்பி வந்து மறுபடி குடிச்சேன். பஸ்ஸு போயிருச்சு.

அடுத்த பஸ்ஸுல ஏறி உக்காந்தா, பின் சீட்டுக்காரரு, "அண்ணே, எங்க போறீக?"

சிரிக்காதீக. பாளையம்பட்டியில எறங்கி, டீக்கடை பெஞ்சுல உக்காந்து ஒரு செம்புத் தண்ணி குடிச்சேன். நிமுந்து பாத்தா பஸ்ஸக் காணோம்!

வெயிலு மண்டையப் பொளக்குது. எனக்கு அழுகையே வந்திருச்சு. அப்பப் பாத்து ஒரு காரு வந்து நின்னுச்சு. உள்ள எங்க மொதலாளி!

"இங்க என்னலே பண்ற? மதுரைக்குத்தான் போறேன், ஏறு."

ஏறிட்டேன். வேற வழி?

காரியாபட்டி தாண்டுனதும் அவரும் கேட்டுட்டாரு. "மதுரையில எங்க போற?"

பொய் சொல்ல வாய் வரல. "உங்க மேல மனு குடுக்கத்தான், மொதலாளி."

பிரேக்கு போட்ட போடுல என் மண்டை கண்ணாடியில இடிச்சுச்சு. "என் காருல ஏறி எம்மேலயே மனுவா? எறங்குலே!"

கதவத் தொறந்தேன். பின்னால ஒரு மதுர பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டு வருது. "சரிங்க மொதலாளி, அதுல போயிக்கிறேன். இன்னும் நேரமிருக்கு."

பஸ்ஸப் பாத்தாரு. என் அரை விரலப் பாத்தாரு. "உக்காரு. கேஸு, வாய்தான்னு யாரு அலையுறது? நமக்குள்ள பேசி முடிச்சிருவோம்."

"பேசுவோம் மொதலாளி. ஆனா பேசி முடிச்சதையும் அந்த ஆபீசுலதான் பதியணுமாம். அங்க போயே பேசுவோமே."

பல்லக் கடிச்சுக்கிட்டு வண்டிய எடுத்தாரு. "எம்மேல கேஸு போட என்னையே டிரைவராக்கிட்டியேலே!"

சங்கத்துக்காரர் சொன்ன தொகையவிடக் கொஞ்சம் கொறச்சுத்தான் பேசி முடிஞ்சுச்சு. ஆனா தொழுவத்துக்கு மாடு வந்திருச்சு.

இன்னைக்கும் கெளம்புறப்ப "எங்க போற?"ன்னு கேக்குறவுகளக் கண்டா எனக்கு ஆகாது. காரு வச்சிருக்கவுகளத் தவிர.